விலை தெரிகிறது, வேலை தெரிவதில்லை

திருகோணமலைக் கடலில் யார் கண்ணிலும் படாத உழைப்பும், அதற்கு நாம் கொடுக்கத் தயங்கும் பணமும்

சித்திரை பிறந்ததும் நிலாவெளிக் கடற்கரைக்கு வெளியூர் வாகனங்கள் வரத் தொடங்கிவிடும். வாடைக்காற்று ஓய்ந்து, கலங்கல் தெளிந்து, தண்ணீருக்குள் கல்லும் மீனும் தெரிகிற காலம் அது. கரையிலிருந்து ஒரு கிலோமீற்றர் தூரத்தில் புறாமலைத் தீவு. வாகனத்தைவிட்டு இறங்கியவர் செருப்பைக் கழற்றுவதற்கு முன்பே பேச்சு ஆரம்பித்துவிடும்.

"புறாமலைக்குப் போய்வர எவ்வளவு அண்ணே?"

படகுக்காரர் ஒரு தொகை சொல்வார்.

"அங்கால நிக்கிறவர் குறைச்சுச் சொன்னவரே."

"அவருக்குக் கட்டுதாக்கும் தம்பி. எனக்குக் கட்டாது."

"ஒரே கடல், ஒரே தூரம்தானே அண்ணே?"

இந்தக் கடைசிக் கேள்விக்குப் படகுக்காரரிடம் நல்ல பதில் இருக்கிறது. ஆனால் அதை அவர் சொல்வதில்லை. சொன்னால் பக்கத்துப் படகுக்காரரைக் குறை சொன்னதாகிவிடும். நாளைக்கும் அதே கரையில் அவரோடு சேர்ந்துதான் வள்ளம் தள்ள வேண்டும். ஆகவே ஒன்றில் விலையைக் குறைக்கிறார், இல்லையென்றால் வந்தவரை விட்டுவிடுகிறார். பருவம் முழுக்க, உப்புவெளியிலும் நிலாவெளியிலும், இந்த உரையாடல் இப்படித்தான் முடிகிறது. நம் மாவட்டத்தின் கடல்சார் தொழில்களில் பெரிய ஓட்டை இதுதான் என்று நான் நினைக்கிறேன். செய்த வேலை வாங்குகிறவர் கண்ணுக்குத் தெரிவதில்லை. அதனால் வேலையைச் செய்தவரும் செய்யாதவரும் ஒரே விலைக்கு நிற்க வேண்டியிருக்கிறது.

படகுக்காரர் சொல்லாமல் விட்ட பதிலை நான் சொல்கிறேன்.

இங்கே ஓடும் பைபர் படகுகளில் பெரும்பாலானவற்றின் எஞ்சின் பெற்றோலில் கிளம்பி மண்ணெண்ணெயில் ஓடுவது. மண்ணெண்ணெயில் கொஞ்சம் தண்ணீர் கலந்திருந்தாலே போதும், கரை தெரியாத தூரத்தில் எஞ்சின் இருமி இருமி நின்றுவிடும். கவனமான படகுக்காரர் விடிய முன்பே வடிகட்டியைக் கழற்றிப் பார்க்கிறார். பிளக்கில் படிந்த கரியைத் துடைக்கிறார். முதல் நாள் எங்காவது அறுந்து மிதந்த தங்கூசி காற்றாடியில் சுற்றியிருந்தால் அதை ஒரு இழை விடாமல் வெட்டி எடுக்கிறார். விட்டால் அது உள்ளே போய் சீலை அறுத்துவிடும், எண்ணெய்ப் பெட்டிக்குள் கடல்நீர் ஏறிவிடும். மாலையில் கரைக்கு வந்த பிறகு நல்ல தண்ணீர் விட்டு எஞ்சினை ஓடவிட்டுக் கழுவுகிறார். பயணிகள் வருவதற்கு முன்பும், போன பிறகும் நடக்கிற வேலைகள் இவை. வந்தவர் பார்ப்பது இடையிலுள்ள சில நிமிட ஓட்டத்தை மட்டும்தான்.

அவர் அணிந்துகொள்ளும் லைஃப் ஜக்கெட்டை எடுத்துக்கொள்ளுங்கள். தூரத்தில் நின்று பார்த்தால் எல்லாம் ஒரே செம்மஞ்சள். கையில் எடுத்துப் பார்த்தால்தான் வித்தியாசம் புரியும். நல்ல ஜக்கெட்டின் நுரையைப் பெருவிரலால் அமுக்கினால் உடனே திரும்பி எழும்பும். ஆயுள் முடிந்ததில் அமுக்கிய இடம் பள்ளமாகவே கிடக்கும். வெயில் தின்ற துணி தையல் ஓரத்தில் நகம் பட்டாலே கிழியும். பிள்ளைகளுடைய ஜக்கெட்டில் இரண்டு கால்களுக்கும் நடுவே போட்டு இறுக்குகிற வார் ஒன்று இருக்க வேண்டும். அது இல்லாவிட்டால் தண்ணீரில் விழுந்த பிள்ளை கீழே நழுவும், ஜக்கெட் மட்டும் மேலே மிதக்கும். அந்த வாரோடு வருகிற சின்ன ஜக்கெட்டுகளைத் தேடி வாங்கி, ஒவ்வொரு நாளும் உப்பைக் கழுவி நிழலில் காயப் போடுகிறவருக்கும், பெரியவர்களின் ஜக்கெட்டையே பிள்ளைக்கு மாட்டி முடிச்சுப் போட்டுவிடுகிறவருக்கும் இடையிலுள்ள வித்தியாசம் எத்தனை ரூபா? கரையில் அதை யாரும் கேட்பதில்லை. கேட்கத் தெரிவதில்லை.

எரிபொருள் கணக்கை எல்லோரும் மறந்துவிட்டோம். 2022 ஓகஸ்டில் ஒரே இரவில் மண்ணெண்ணெய் லீற்றர் 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவுக்கு ஏறியது. ஏறக்குறைய நான்கு மடங்கு. அதற்கு முந்திய மாதங்களில் காசு இருந்தாலும் எண்ணெய் கிடைக்காமல் எஞ்சின்கள் கரையில் துணி போர்த்திக் கிடந்தன. அந்த அடி வாங்கிய தொழில் மெல்ல எழும்பிய பிறகு வந்த பயணி, படகுக்காரர் "பழைய விலையை" விட்டு ஏறிவிட்டார் என்றுதான் பேசினார்.

இப்படி ஒரு சந்தையில் என்ன நடக்கும் என்பதை அமெரிக்கப் பொருளியலாளர் ஜோர்ஜ் அக்கர்லொஃப் 1970இல் எழுதிக் காட்டினார். அவர் எடுத்துக்கொண்டது பழைய கார் விற்பனை. காரின் உள்நோய் விற்பவருக்குத் தெரியும், வாங்குபவருக்குத் தெரியாது. தெரியாதவர் சராசரி விலைக்கு மேல் கொடுக்க மாட்டார். அந்த விலைக்கு நல்ல காரை விற்க யாருக்கும் மனம் வராது. நல்ல கார்கள் சந்தையைவிட்டுப் போகும். மிஞ்சுவது ஓட்டை உடைசல்கள். முப்பது வருடம் கழித்து, 2001இல், இந்த ஆய்வுக்காகவும் அவருக்கு நோபல் பரிசு கிடைத்தது. நிலாவெளியில் காருக்குப் பதில் படகு. பேரம் பேசித் தோற்கிற ஒவ்வொரு கவனமான படகுக்காரரும் அடுத்த பருவத்தில் எதையாவது ஒன்றைக் குறைக்கத் தள்ளப்படுகிறார். முதலில் உதவிக்கு ஏறும் பெடியன் நின்றுவிடுவான். பிறகு புது ஜக்கெட் வாங்குவது அடுத்த வருடத்துக்குப் போகும். அதற்குப் பிறகு எதைக் குறைப்பார் என்று யோசிக்கவே எனக்குப் பயமாக இருக்கிறது.

இதே மாவட்டத்தில், நிலாவெளிக்குத் தெற்கே பதினைந்து கிலோமீற்றர் தள்ளி, இதற்கு நேர்மாறான உலகம் ஒன்று இயங்குகிறது. திருகோணமலை உள்துறைமுகம். பிறிமா ஆலைக்குக் கோதுமையும், ரோக்கியோ சீமெந்து ஆலைக்குக் கிளிங்கரும், சீனக்குடாத் தாங்கிகளுக்கு எரிபொருளும் ஏற்றிக்கொண்டு கப்பல்கள் வருகிற இடம். சரக்குக் கப்பல் துறைக்கு வருவதற்கு முன்பே கப்பல் முகவர் ஒரு செலவுக் கணக்கை உரிமையாளருக்கு அனுப்புவார். உலகத் துறைமுகங்களின் வழக்கம் இது. துறைமுகக் கட்டணம் ஒரு வரி. பைலட் கட்டணம் ஒரு வரி. இழுவைப் படகுக்கு ஒரு வரி. கரையில் கயிறு பிடித்துக் கட்டுகிறவர்களுக்கு ஒரு வரி. முகவரின் கூலி வேறு வரி. எந்த வேலைக்கு எந்தக் காசு என்பது கப்பல் வாய்முகப்பைக் காண முன்பே காகிதத்தில் இருக்கும்.

அதில் பைலட்டின் வேலையைப் பாருங்கள். அவர் வெளிக்கடலில் சின்னப் படகொன்றில் வந்து, ஓடிக்கொண்டிருக்கும் கப்பலின் பக்கவாட்டில் தொங்கும் கயிற்றேணியில் ஏறுகிறார். ஏற வேண்டிய உயரம் ஒன்பது மீற்றரைத் தாண்டினால் கயிற்றேணியோடு சாய்படியையும் சேர்த்துக் கட்டித் தர வேண்டும் என்பது சர்வதேசக் கடற்பாதுகாப்பு விதி. மேலே வந்ததும் உடனே சுக்கானுக்குக் கட்டளை கொடுப்பதில்லை. கப்பல் எவ்வளவு ஆழத்தில் மிதக்கிறது, எஞ்சின் எப்படி இருக்கிறது என்று கப்டன் சொல்கிறார். எந்த வழியால் போகப்போகிறோம், இழுவைப் படகு எங்கே கயிறு வாங்கும், எந்தத் துறையில் கட்டப்போகிறோம் என்று பைலட் சொல்கிறார். வேலை தொடங்குவதற்கு முன்பே, வாங்குகிறவருக்குத் தான் எதை வாங்குகிறேன் என்று தெரிந்துவிடுகிறது. வேலை முடிந்ததும் ஏறிய நேரமும் இறங்கிய நேரமும் எழுதிய சீட்டில் கப்டன் கையெழுத்து வைக்கிறார். எந்தக் கப்டனும் "நேராகத்தானே உள்ளே வந்தோம், இதற்கு ஏன் காசு?" என்று கேட்பதில்லை.

அவர் கேட்காததற்குக் காரணம் பணக்காரக் கம்பனி என்பதல்ல. கப்பல் கம்பனிகள் ஒவ்வொரு டொலருக்கும் சண்டை பிடிக்கிறவை. வேலை கண்முன்னால் நடந்தது, வார்த்தையில் சொல்லப்பட்டது, காகிதத்தில் பதிந்தது. கேள்விக்கு இடமே இல்லாமல் போகிறது.

கடலில் இன்னும் கடினமான ஒரு சேவை உண்டு: வெளிச்சவீடு. கொட்டியாரக் குடாவின் வாய்ப்பகுதியில், ஃபவுல் பொயின்ற் முனையில், 1863இல் கட்டிய கோபுரம் முப்பது மீற்றருக்கு மேல் உயர்ந்து நிற்கிறது. இப்போது அதில் விளக்கில்லை. எரிந்த காலத்தில் அதன் வெளிச்சத்தைப் பார்த்துப் பாறையை விலத்திப் போன கப்பலிடம் யார் போய்க் காசு வாங்குவது? காசு கொடுக்காத கப்பலுக்கு மட்டும் வெளிச்சத்தை அணைத்து வைக்க முடியுமா? ஜோன் ஸ்ருவர்ட் மில் தொடங்கிப் போல் சாமுவெல்சன் வரை, விலை வாங்க முடியாத சேவைக்கு உதாரணமாக வெளிச்சவீட்டைத்தான் சொல்லி வந்தார்கள். 1974இல் ரொனால்ட் கோஸ் பழைய கணக்குகளைப் புரட்டி வேறு கதை சொன்னார். இங்கிலாந்தின் வெளிச்சவீடுகள் நூற்றாண்டுக்கணக்காகக் கப்பல்கள் கட்டிய விளக்குக் கட்டணத்தில்தான் நடந்தன. கடலில் வாங்க முடியாத காசைத் துறைமுகத்தில் வாங்கினார்கள். கப்பலின் பாதையில் எந்தெந்த விளக்குகள் வருகின்றன என்று பார்த்துக் கணக்குப் போட்டார்கள். நம் தென்கிழக்குக் கடலில் 1873இல் எரியத் தொடங்கிய பெரிய பாஸ் விளக்கும், 1878இல் வந்த சின்ன பாஸ் விளக்கும் இந்த முறையில்தான் பராமரிக்கப்பட்டன. கண்ணுக்குத் தெரியாத காவலைக்கூடப் பற்றுச்சீட்டில் ஒரு வரியாக்க முடியும் என்பதற்கு நம் கடலிலேயே சாட்சி இருக்கிறது.

கரையில் சுற்றுலாப் படகுக்கு மட்டும் ஏன் ஒற்றை விலை? ஒற்றை விலை சொன்னால் ஒற்றைக் கேள்விதான் வரும்: குறைக்க முடியுமா?

கொத்து ரொட்டிக் கடைக்காரருக்கு இந்தச் சங்கடம் இல்லை. தகட்டில் இரண்டு இரும்பும் அடிக்கிற சத்தம் தெருமுனை வரை கேட்கிறது. முட்டை உடைவதையும் இறைச்சி விழுவதையும் நாம் பார்த்துக்கொண்டு நிற்கிறோம். பத்து நிமிடம் காத்திருந்தாலும் கோபம் வருவதில்லை, ஏனென்றால் நமக்காக ஒருவர் வியர்க்கிறார் என்பது தெரிகிறது. ஹாவர்ட் வணிகப் பள்ளியின் றையன் பியூல் இதைப் பல வருடமாக ஆராய்ந்து வருகிறார். மைக்கேல் நோர்ட்டனோடு சேர்ந்து 2011இல் அவர் வெளியிட்ட ஆய்வில், பயணச்சீட்டுத் தேடும் இணையத்தளம் ஒன்று "இந்தக் கம்பனியில் பார்க்கிறேன், இப்போது அந்தக் கம்பனியில் பார்க்கிறேன்" என்று தன் வேலையைக் காட்டியபோது, உடனே விடை தந்த தளத்தைவிடக் காத்திருக்க வைத்த தளத்தை மக்கள் கூடுதலாக மதித்தார்கள். பிறகு ஓர் உணவுக்கூடத்தில் சமையல்காரரும் சாப்பிட வந்தவரும் திரைவழியே ஒருவரையொருவர் பார்க்கும்படி செய்தார்கள். சாப்பாட்டில் மக்களின் திருப்தி 17.3 வீதம் கூடியது. அந்த ஆய்வில் எனக்குப் பிடித்த பகுதி வேறு: சமையல்காரர்களும் நன்றாகச் சமைத்தார்கள். தங்கள் உழைப்புக்கு ஒரு முகம் நன்றி சொல்வதைப் பார்த்தபோது அவர்களுக்குக் கை ஓடியது. காட்டுவதால் வாங்குபவர் மட்டும் மாறுவதில்லை.

இதை நம் கரைக்குக் கொண்டுவரும்போது ஒரு சிக்கல் வருகிறது. திமிங்கிலம் பார்க்கப் போகும் பயணத்தில் அது தெளிவாகத் தெரியும்.

திருகோணமலைத் துறைமுக வாயிலிலேயே கடலடிப் பள்ளத்தாக்கு ஒன்று தொடங்குகிறது. ஆழ்கடல் இவ்வளவு கரைக்குக் கிட்டே வருவதால்தான் நீலத் திமிங்கிலமும் விந்துத் திமிங்கிலமும் இங்கே கரைக்கு அருகிலேயே தென்படுகின்றன. 1980களின் தொடக்கத்தில் 'துலிப்' என்ற சிறிய ஆய்வுப் படகு இந்தக் கடலில் சுற்றி விந்துத் திமிங்கிலங்களை ஆராய்ந்தது. அதைத் தொடர்ந்து நாட்டில் திமிங்கிலம் பார்க்கும் பயணங்கள் முளைவிட்டதும் இங்கேதான். போர் அதை முளையிலேயே நிறுத்திவிட்டது. சண்டை ஓய்ந்த பிறகு அந்தத் தொழிலில் தெற்குக் கரையிலுள்ள மிரிசை பெயர் எடுத்தது; நாம் பிந்தி வந்தோம்.

இப்போது படகில் ஏறுகிறவர் எதைக் கொண்டு பயணத்தை அளக்கிறார்? எவ்வளவு கிட்டப் போனோம் என்பதைக் கொண்டு. கைத்தொலைபேசிப் படத்தில் வால் எவ்வளவு பெரிதாக விழுந்தது என்பதைக் கொண்டு. 2012இல் வந்த கடல்வாழ் பாலூட்டிகளை அவதானிக்கும் ஒழுங்குவிதிகள், திமிங்கிலத்துக்கு 100 மீற்றருக்கு உள்ளே படகு போகக் கூடாது என்கின்றன. விதியை மதிக்கிற படகோட்டி தூரத்தில் வேகத்தைக் குறைத்து, எஞ்சினை மெல்ல விட்டு, காத்து நிற்கிறார். பக்கத்துப் படகு துரத்திக்கொண்டு நேரே போகிறது. ஏறியிருப்பவர்கள் யாருக்குக் கைதட்டுவார்கள்? யாருக்குக் கையில் மேலதிகமாக வைப்பார்கள்? வாங்குபவர் கண்ணுக்குத் தெரிவதும் உண்மையான தரமும் இங்கே எதிரெதிர்த் திசையில் போகின்றன. இருப்பதை அப்படியே காட்டினால் போதாது. எதைப் பார்க்க வேண்டும் என்பதையே முதலில் சொல்லிக்கொடுக்க வேண்டும்.

அதைக் கரையிலேயே செய்யலாம். படகு தள்ளுவதற்கு முன்பு இரண்டு நிமிடம். விந்துத் திமிங்கிலம் ஒருமுறை மூழ்கினால் முக்கால் மணி நேரம் வரை மேலே வராது. மூழ்கும்போது வாலை நேரே தூக்கும். அப்போது நாங்கள் எஞ்சினை நிறுத்திக் காத்திருப்போம். துரத்தினால் அது மூச்சுக் குறைவாக எடுத்துக்கொண்டு அவசரமாக மூழ்கிவிடும். 100 மீற்றரில் நிற்போம். அதுவாக விரும்பிக் கிட்ட வந்தால் அது உங்கள் அதிர்ஷ்டம். இவ்வளவையும் கேட்டுவிட்டு ஏறுகிறவர், நடுக்கடலில் எஞ்சின் நின்றதும் "ஏன் போக மாட்டேன் என்கிறார்" என்று சினக்க மாட்டார். அந்த அமைதியான முக்கால் மணி நேரமே அவர் காசு கொடுத்து வாங்கிய பொருளாகிவிடும். சொல்லாமல் விட்டால் அதே முக்கால் மணி நேரம் படகோட்டியின் சோம்பலாகத் தெரியும்.

புறாமலையிலும் இதே கதை. 1963இல் சரணாலயமாகி, 2003இல் தேசியப் பூங்காவாக அறிவிக்கப்பட்ட இடம். பெரிய தீவே 200 மீற்றர் நீளந்தான். 1998இல் கடல் சூடேறி நாட்டின் தென்மேற்குப் பவளப் பாறைகள் வெளிறிச் செத்தபோது திருகோணமலைப் பாறைகள் பெரும்பாலும் தப்பின. அப்படித் தப்பிய பவளத்தை இப்போது மிதிக்கிறார்கள். வற்று நேரத்தில் தண்ணீர் இடுப்பளவுக்கு இறங்கும். நீந்திக் களைத்தவர் காலை ஊன்றுவார். ஊன்றிய இடம் பவளம். கூட வரும் வழிகாட்டி "அதில நிக்காதீங்கோ" என்று கத்தினால், உல்லாசமாக வந்த இடத்தில் ஏசுகிறான் என்று முகம் சுருங்கும். அதே சொல்லைக் கரையில், கண்ணாடியும் மூச்சுக்குழாயும் மாட்டிவிடும்போது, களைத்தால் என் மிதவையைப் பிடியுங்கோ, நான் பக்கத்திலேயே இருக்கிறேன் என்று சேர்த்துச் சொன்னால் அது கவனிப்பாக மாறுகிறது. கறுப்பு முனைச் செட்டைச் சுறாக்கள் பவளத்தோரம் வளைய வருவதைப் பார்க்க ஆசைப்படுகிறவருக்கு, பவளம் செத்தால் சுறாவும் போய்விடும் என்பது புரியாமல் போகாது.

இங்கே வனசீவராசிகள் பாதுகாப்புத் திணைக்களத்துக்கும் ஒன்று சொல்ல வேண்டும். புறாமலைக்குப் போகிறவர் படகுக் கூலியைத் தவிர நுழைவுச்சீட்டுக்கும் பணம் கட்டுகிறார். வெளிநாட்டவருக்கு அது பலமடங்கு. சீட்டில் தொகை இருக்கிறது, வரி இருக்கிறது. எதற்கு என்பது இல்லை. அந்தப் பணத்தில் யாரோ காலையில் தீவைச் சுற்றிப் பொலித்தீன் பொறுக்குகிறார்கள். யாரோ பவளத்தில் சிக்கிய வலையை அறுத்து எடுக்கிறார்கள். யாரோ தடைசெய்த முறையில் மீன்பிடிக்கிறவர்களைக் காவல் பார்க்கிறார்கள். இந்த வேலைகளைச் செய்கிற கீழ்நிலை உத்தியோகத்தர்களைச் சனங்கள் டிக்கெட் கிழிக்கிற ஆட்களாக மட்டுமே காண்கிறார்கள். இது அவர்களுக்குச் செய்கிற அநியாயம். நுழைவுச்சீட்டின் பின்பக்கம் வெறுமையாகக் கிடக்கிறது. அந்த மாதம் அகற்றிய வலை எத்தனை கிலோ என்பதை ஒரு பலகையிலாவது எழுதலாம். உண்மையான எண்ணை, மாதாமாதம் மாற்றி எழுத வேண்டும். பழைய எண் வெயிலில் வெளிறிக் கிடந்தால் அது வேலை நடக்கவில்லை என்பதைத்தான் காட்டும்.

இதுவரை சொன்னது தெரிவு உள்ளவர்களின் கதை. இந்தப் படகு வேண்டாம் என்றால் அந்தப் படகு. தெரிவே இல்லாதவர்கள் கிண்ணியாவில் இருந்தார்கள்.

திருகோணமலையிலிருந்து தெற்கே போகும் வீதி ஒரு காலத்தில் 'பாதை' எனப்படும் மிதவைகளை நம்பித்தான் கிடந்தது. கிண்ணியாத் துறையிலும், அதற்கப்பால் உப்பாறு, கங்கை, இறால்குழி என்று ஆறு குறுக்கிட்ட இடங்களிலும் இறங்கி ஏற வேண்டும். பஸ்ஸும் சனமும் ஒரே மிதவையில் கடக்கும்போது அதை இழுத்தவர்களின் தோளை எல்லோரும் பார்த்தார்கள். 2009 ஒக்ரோபர் 20ஆம் திகதி கிண்ணியாப் பாலம் திறந்தது. 396 மீற்றர், அன்றைக்கு நாட்டிலேயே நீளமான பாலம். இன்றைக்கு அதைக் கடப்பவர் பாலத்தைக் கடக்கிறோம் என்று நினைப்பதே இல்லை. நல்ல பொதுச்சேவைக்கு இது ஒரு வகையில் பெருமைதான். அதே மறதி ஆபத்தாகவும் முடியும். பராமரிப்பு, மேற்பார்வை, மாற்று ஏற்பாடு எல்லாமே கண்ணுக்குத் தெரியாதவை. தெரியாதவற்றைத்தான் செலவுக் குறைப்பில் முதலில் வெட்டுவார்கள்.

அதே கிண்ணியாவில், குறிஞ்சாக்கேணியில், பழைய பாலத்தை அகற்றிப் புதியது கட்டும் வேலை நடந்துகொண்டிருந்தபோது சனங்கள் மீண்டும் மிதவைக்குத் திரும்பினார்கள். 2021 நவம்பர் 23ஆம் திகதி காலை, பள்ளிக்கூடத்துக்குப் போகும் நேரத்தில், அந்தப் பாதை கவிழ்ந்தது. அன்றைக்கே ஆறு உயிர்கள் போயின. சீருடையோடு போன பிள்ளைகளும் அதில் இருந்தார்கள். அதற்குப் பிறகு கடற்படை அங்கே படகுச் சேவை தொடங்கியது, லைஃப் ஜக்கெட்டோடு.

கேள்வி நேரானது. அந்த மிதவையில் ஏறிய தாய்க்கு, அது எத்தனை பேரைத் தாங்கும் என்று தெரிந்திருக்க வழி இருந்ததா? அதை யார் பரிசோதித்தார், எப்போது பரிசோதித்தார் என்று அவள் எங்கே பார்த்திருக்க முடியும்? நாளாந்தம் காசு கொடுத்து ஏறினாள். கொடுத்த காசு அவளைக் கடத்துவதற்கு என்று மட்டும் தெரிந்தது. பத்திரமாகக் கடத்துவதற்குத் தேவையான எதுவும் அந்த விலைக்குள் இருக்கவில்லை என்பது தண்ணீருக்குள் விழும்வரை யாருக்கும் தெரியவில்லை. சேவையின் உள்ளடக்கத்தைக் கண்ணுக்குத் தெரியச் செய்வதை வியாபாரத் தந்திரம் என்று யாராவது சொன்னால் எனக்குக் கோபம் வருவது இந்தக் காலையை நினைத்துத்தான்.

காட்டுவதில் மோசடிக்கும் இடமுண்டு என்பதை மறைக்கத் தேவையில்லை. கடற்படை ரோந்து வரும் பக்கத்தில் மட்டும் ஜக்கெட் போடச் சொல்லி, தீவு கிட்டியதும் கழற்றச் சொல்லும் படகுகள் உண்டு. பொலித்தீன் உறைகூடப் பிரிக்காத ஜக்கெட்டுகளை அணியத்தில் அடுக்கி அழகு பார்க்கிறவர்கள் உண்டு. ஆகவே வெறும் விளம்பரப் பலகை உதவாது. பயணியே தொட்டு, எண்ணி, சரிபார்க்கக்கூடியதாக அது இருக்க வேண்டும். இந்தப் படகில் ஏற்றக்கூடியவர்கள் எட்டுப் பேர் என்று பக்கவாட்டில் பெரிய எழுத்தில் இருந்தால், ஒன்பதாவது ஆள் ஏறும்போது எட்டுப் பேரும் கேட்பார்கள். ஜக்கெட் எட்டு, பிள்ளைகளுடையது இரண்டு, மேலதிக எஞ்சின் ஒன்று என்று எழுதியிருந்தால் எண்ணிப் பார்க்க ஒரு நிமிடம் போதும். கடைசியாகப் பரிசோதித்த திகதியும் பரிசோதித்த அலுவலகத்தின் பெயரும் இருந்தால், திகதி பழசானதும் கேள்வி வரும். மூன்று மொழியிலும் இருக்க வேண்டும், ஏனென்றால் நிலாவெளிக்குக் குருநாகலிலிருந்து வரும் குடும்பமும் ஜேர்மனியிலிருந்து வரும் இணையும் ஒரே படகில் ஏறுகிறார்கள்.

விலையையும் துறைமுகக் கணக்கைப் போலப் பிரித்துச் சொல்லலாம். எரிபொருள் இவ்வளவு, படகோட்டியும் உதவியாளும் இவ்வளவு, ஜக்கெட்டும் கண்ணாடியும் இவ்வளவு, நுழைவுச்சீட்டு தனி. இப்படிச் சொன்ன பிறகு "குறையுங்கோ" என்று கேட்பவர், எதைக் குறைப்பது என்றும் சொல்ல வேண்டியிருக்கும். உதவியாளையா? ஜக்கெட்டையா? பெரும்பாலானோர் அந்த இடத்தில் பேரத்தை நிறுத்திவிடுவார்கள் என்பது என் நம்பிக்கை. ஒருவர் தனியாக இதைச் செய்தால் பக்கத்துப் படகுக்காரரைக் குத்திக்காட்டியதாகத்தான் படும். படகுச் சங்கமே முடிவெடுத்து எல்லாப் படகுக்கும் ஒரே மாதிரிப் பலகை வைத்தால் அந்தச் சங்கடம் இல்லை. யாரும் யாரையும் குறை சொல்லத் தேவையில்லை, பலகை சொல்லிவிடும். வெறுமையாக விட்ட கட்டம் அதைவிடச் சத்தமாகச் சொல்லும்.

இதற்குச் சட்டம் புதிதாக வரத் தேவையில்லை, கொழும்பிலிருந்து நிதி வரும்வரை காத்திருக்கவும் தேவையில்லை. ஒரு படகுக்கு ஒரு பலகை, கொஞ்சம் கடல்நீர் தாங்கும் பெயின்ற், எழுத்து வரையத் தெரிந்த ஒருவர். வாடைக்காலத்தில் படகுகள் கரையேறிக் கவிழ்ந்து கிடக்கும் மாதங்கள் இருக்கின்றன. அடிப்பாகம் சுரண்டி வர்ணம் அடிக்கிற வேலை அப்போது எப்படியும் நடக்கிறது. பரிசோதனைத் திகதியை எழுதும் பொறுப்பை மட்டும் படகுக்காரரிடம் விடக் கூடாது. அந்தக் கட்டத்தை அரசாங்க உத்தியோகத்தர் ஒருவர் கரைக்கு வந்து, ஜக்கெட்டை அமுக்கிப் பார்த்து, தன் கையால் நிரப்ப வேண்டும். சங்கங்களும், கடற்றொழில் திணைக்களமும், பிரதேச செயலகமும் மார்கழிக்குள் ஒருமுறை உட்கார்ந்து பேசினால் வரும் சித்திரைக்குப் பலகைகள் தயாராகிவிடும்.